பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி: ஐந்து ஆண்டுகள் பள்ளிகளைப் பூட்டிவைத்த ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்றொரு கவுண்டி. புகையிலைக் காடும் பைன் மரமுமாக இருந்த நாட்டுப்புறம். வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்பினப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரக் கூடாது என்பதற்காக 1959 முதல் 1964 வரை தன் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் அது பூட்டியது. படிக்கும்போது எனக்கு எழுந்த கேள்விகளும், இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மற்றவர்கள் என்னிடம் கேட்டவையும் இங்கே.

கவுண்டி என்றால் என்ன? மாவட்டம்தானே?

மாவட்டம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் அப்படிச் சொன்னால் முக்கியமான ஒன்று மறைந்துவிடும். கவுண்டிக்கு மேலிருந்து அனுப்பப்படும் ஆட்சியர் கிடையாது. உள்ளூர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் குழுதான் அங்கே ஆட்சி. சொத்து வரி விதிப்பதும் வருகிற பணத்தை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பதும் அந்தக் குழுவே.

பள்ளிகளை நடத்தத் தனியாக ஒரு பள்ளி வாரியம் உண்டு. ஆசிரியர் நியமனம், பேருந்து, கட்டடம் எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. பணத்துக்கு மேற்பார்வையாளர் குழுவிடம்தான் கையேந்த வேண்டும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பின்னால் நடந்த கொடுமை முழுக்க இந்த ஒரு சந்தில்தான் நுழைந்தது.

இந்தக் கவுண்டி எங்கே இருக்கிறது? நிலம் எப்படி?

மாநிலத் தலைநகர் ரிச்மண்டிலிருந்து தென்மேற்கே நூறு கிலோமீட்டர் சொச்சம். கடற்கரைச் சமவெளிக்கும் புளூ ரிட்ஜ் மலைக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகப் பரவியிருக்கும் பீட்மாண்ட் நிலப்பகுதி இது. செம்மண். வடக்கு எல்லையில் அப்பமாட்டக்ஸ் ஆறு. பரப்பு சுமார் 915 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் 21,800 பேர்தான் இருந்தார்கள், அவர்களிலும் கணிசமானவர்கள் கல்லூரி மாணவர்கள். ஃபார்ம்வில் என்ற சிறு நகரம்தான் தலைமையிடம். 1870களின் தொடக்கம் வரை வொர்ஷம் என்ற சிற்றூர் தலைமையிடமாக இருந்தது. ரயில் ஃபார்ம்வில் வழியாகப் போனதால், கடைவீதியும் பணமும் அங்கே போய், கடைசியில் நீதிமன்றமும் போனது.

இங்கே விளைந்தது புகையிலை. இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே விறகுப் புகை போட்டு, கருமை ஏறும்வரை பதப்படுத்துவார்கள். மூட்டம் போட்ட அந்தப் புகையிலைக்கு ஃபார்ம்வில் பெரிய சந்தை. ரயில் வருவதற்கு முன் அடிப்பாகம் தட்டையான நீளப் படகுகளில் ஏற்றி, அப்பமாட்டக்ஸ் ஆற்றோடு பீட்டர்ஸ்பர்க் வரை கொண்டுபோனார்கள். ஊரின் பழைய புகையிலைக் கிடங்குகள் சிலவற்றில் இன்று மரச்சாமான் விற்கிறார்கள்.

பெயரில் வரும் இளவரசர் யார்?

இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருடைய தம்பி எட்வர்ட். அமீலியா கவுண்டியிலிருந்து 1754-இல் இதைப் பிரித்தபோது வைத்த பெயர். ஊருக்கும் அவருக்கும் வேறு ஒட்டுறவு இல்லை.

உள்நாட்டுப் போரில் இந்த ஊருக்கு என்ன பங்கு?

கடைசி வாரத்தின் பங்கு. 1865 ஏப்ரலில் ரிச்மண்டை விட்டுப் பின்வாங்கிய ஜெனரல் ராபர்ட் லீயின் தென்னகப் படை (அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை), சோறில்லாமல் இந்தப் பக்கமாகத்தான் நடந்தது. ஃபார்ம்வில்லில் ரயிலில் உணவு காத்திருந்தது என்பதுதான் அவர்களை இழுத்துவந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி எல்லையோரத்துச் செய்லர்ஸ் ஓடையில் படையின் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை லீ இழந்தார்.

ஊருக்குக் கிழக்கே ஆற்றின் மேல் ஹை பிரிட்ஜ் என்ற ரயில் பாலம் இருந்தது. 2,400 அடிக்கு மேல் நீளம், ஏறக்குறைய 125 அடி உயரம். மறுநாள் காலை தென்னகப் படையினர் அதைக் கொளுத்தினார்கள். மேலே ரயில் பாலத்தின் சில பகுதிகள் எரிந்து விழுந்தன. ஆனால் கீழே இருந்த வண்டிப் பாலத்தை வடக்குப் படை வந்து அணைத்துக் காப்பாற்றிவிட்டது; அதன் வழியே துரத்திக்கொண்டு ஆற்றைக் கடந்தும்விட்டது. அன்று மாலை ஃபார்ம்வில்லில் இருந்தபடிதான் வடக்குப் படையின் தலைவர் ஜெனரல் கிராண்ட், சரணடையச் சொல்லி லீக்கு முதல் கடிதம் எழுதினார். ஏப்ரல் 9 அன்று பக்கத்துக் கவுண்டியான அப்பமாட்டக்ஸில் லீ சரணடைந்தார்.

கறுப்பின மக்கள் அங்கே அடிமைகளாகத்தான் இருந்தார்களா?

பெரும்பாலோர் அடிமைகள்தான். ஆனால் இஸ்ரேல் ஹில் என்ற இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. ரிச்சர்ட் ராண்டால்ஃப் என்ற தோட்ட முதலாளி 1796-இல் இறந்தபோது, தன் அடிமைகளை விடுவித்து நிலமும் தர வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். நிறைவேற 14 ஆண்டுகள் ஆனது. 1810 வாக்கில் சுமார் 90 பேர் சுதந்திர மனிதர்களாக ஃபார்ம்வில்லுக்கு அருகே சொந்த நிலத்தில் குடியேறினார்கள். உழுதார்கள், தச்சு வேலை செய்தார்கள், சரக்குப் படகு ஓட்டினார்கள். அந்தப் படகுகள் சிலவற்றுக்கு அவர்களே சொந்தக்காரர்களும்கூட. அடிமை முறை கொடிகட்டிப் பறந்த மண்ணில் இது நடந்தது.

இந்தக் கவுண்டியில் வளர்ந்தவர்தான் ராபர்ட் ரஸ்ஸா மோட்டன். அலபாமாவின் புகழ்பெற்ற டஸ்கெகி கல்வி நிலையத்துக்கு இரண்டாவது தலைவர். 1922-இல் வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தைத் திறந்தபோது மேடையில் பேசியவர் அவர். கூட்டத்திலோ கறுப்பினத்தவருக்குத் தனி இருக்கை வரிசை. உள்ளூரின் கறுப்பின உயர்நிலைப் பள்ளிக்கு வைத்தது அவர் பெயரைத்தான்.

மோட்டன் பள்ளி எப்படி இருந்தது?

1939-இல் 180 மாணவர்களுக்கென்று கட்டிய செங்கல் கட்டடம். 1951-இல் அங்கே 450 பேருக்கு மேல் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, உணவுக்கூடம் இல்லை, அறிவியல் ஆய்வகம் இல்லை. வெள்ளைப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியில் இவை இருந்தன. பெற்றோர் பல ஆண்டு மனுக் கொடுத்தார்கள். கிடைத்தது, வெளியே மரச்சட்டத்தில் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள்.

அந்தக் கொட்டகை ஒன்றுக்குள் ஒரு மழைநாளை நினைத்துப் பாருங்கள். கூரை ஒழுகும், குடையை விரித்துக்கொண்டு எழுதுவார்கள். குளிர்காலத்தில் ஒரே ஒரு கணப்பு அடுப்பு. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வியர்க்கும். கடைசி வரிசைப் பிள்ளை கோட்டைக் கழற்றாமல் நடுங்கும். ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அடுப்பைக் கிளறிவிட்டு வருவார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கோழிப் பண்ணை என்று நினைத்ததாகப் பிள்ளைகளே சொன்னார்கள். அந்தச் சொல்தான் அவர்களை அதிகம் சுட்டது.

பார்பரா ஜான்ஸ் யார்? என்ன செய்தார்?

பதினாறு வயது மாணவி. வெர்னன் ஜான்ஸ் என்ற அஞ்சா நெஞ்சப் பாதிரியாரின் சகோதரர் மகள் என்றால் சிலருக்குப் புரியும். அலபாமாவின் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு முன்பு அதே தேவாலயத்தில் ஊழியம் செய்தவர் வெர்னன். பிறந்தது இந்தக் கவுண்டியில்.

ஒருநாள் பார்பரா பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றிருக்கிறார். வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து பாதி காலியாக அவரைக் கடந்து போனது. அவர் போக வேண்டிய பள்ளியைத் தாண்டித்தான் அது போகும், ஆனால் ஏற முடியாது. ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று தோன்றியது அன்றுதான் என்று பிற்காலத்தில் எழுதிவைத்தார். பெரியவர்களிடம் சொல்லாமல் நம்பிக்கையான சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

1951 ஏப்ரல் 23, திங்கள்கிழமை. மோட்டன் மாணவர்கள் சிலர் ஊருக்குள் வம்பில் மாட்டிக்கொண்டதாகத் தலைமையாசிரியருக்கு ஒரு தொலைபேசி. அவர் பதறி ஓடினார். உடனே, அவர் அனுப்பியதுபோலவே வகுப்புகளுக்குச் சீட்டு போனது: எல்லோரும் அரங்கத்துக்கு வரவும். திரை விலகியது. மேடையில் நின்றது தலைமையாசிரியர் அல்ல, பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னார். காலணியைக் கழற்றித் தட்டி அரங்கத்தை அடக்கினார். நல்ல பள்ளி கிடைக்கும்வரை வகுப்புக்குப் போக மாட்டோம் என்றார். சிறைக்குப் பயந்தவர்களிடம், நம் எல்லோரையும் அடைக்க ஃபார்ம்வில் சிறையில் இடம் போதாது என்றார். பள்ளியே அவர் பின்னால் வெளியேறியது. இரண்டு வாரம் நீடித்தது புறக்கணிப்பு.

தெரியாமல் ஊருக்குள் போன தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸின் பணி ஒப்பந்தத்தைப் பின்னர் வாரியம் புதுப்பிக்கவில்லை. பார்பராவைப் பாதுகாப்புக்காக வெர்னனிடம் அலபாமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் அவர் பிலடெல்பியாவில் நூலகராக வேலை பார்த்தார். 1991-இல் காலமானார்.

அவர்கள் கேட்டது சேர்ந்து படிக்கும் உரிமையையா?

முதலில் இல்லை. ஒழுகாத கூரையும் சமமான கட்டடமும்தான் கேட்டார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் பிற்பாடு எழுதப்படும் வரலாறுகளில் இது நழுவிவிடுகிறது.

மாணவர்கள் கடிதம் எழுதியதும், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் வந்தார்கள். பள்ளிக்குத் திரும்பச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார்கள். பிள்ளைகளின் உறுதியைப் பார்த்து மனம் மாறினார்கள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: சமமான தனிப் பள்ளி கேட்டு வழக்காட மாட்டோம், இனப் பிரிப்பையே எதிர்ப்பதானால் வருகிறோம். பாதிரியார் பிரான்சிஸ் கிரிஃபினின் தேவாலயத்தில் ஊர் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது. மே 23 அன்று 117 மாணவர்கள் பெயரில் வழக்குப் பதிவானது. பட்டியலில் முதல் பெயர் டோரத்தி டேவிஸ் என்ற சிறுமியுடையது, அதனால் அது டேவிஸ் வழக்கு.

கீழ் நீதிமன்றம் இனப் பிரிப்பை நீக்க மறுத்தது, கட்டட வசதிகளை மட்டும் சமமாக்கச் சொன்னது. கவுண்டி அவசர அவசரமாகப் புதிய மோட்டன் கட்டடம் ஒன்றை 1953-இல் திறந்தது. ஆனால் வழக்கு மேலே போய்விட்டது. கான்சாஸ், தென் கரோலினா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன் வழக்குகளோடு சேர்த்து, பிரவுன் வழக்கு என்று உலகம் அறிந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1954 மே 17 அன்று வந்தது: பொதுப் பள்ளிகளில் இனப் பிரிப்பு செல்லாது. அந்த ஐந்தில் மாணவர்களே தொடங்கியது இது ஒன்றுதான்.

தீர்ப்பு வந்த பிறகும் பள்ளிகளை எப்படிப் பூட்ட முடிந்தது?

1955-இல் உச்ச நீதிமன்றம் இதை ‘தக்க விரைவுடன்’ நிறைவேற்றச் சொன்னது. எப்போது என்று சொல்லவில்லை. வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்ட் தலைமையில் வெள்ளை அரசியல்வாதிகள் பெரும் எதிர்ப்பு என்ற பெயரில் சட்டங்கள் போட்டார்கள். 1958-இல் நார்ஃபோக் போன்ற இடங்களில் வெள்ளையர் பள்ளிகள் சில மாதங்கள் மூடப்பட்டன. 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அந்தச் சட்டங்களைச் செல்லாதாக்கியதும் அவை திறந்துவிட்டன.

அப்போதுதான் பிரின்ஸ் எட்வர்டுக்கு ஆணை வந்தது: செப்டம்பரில் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும். மேற்பார்வையாளர் குழு பள்ளிகளை மூடுகிறோம் என்று தீர்மானம் போடத் தேவையே இருக்கவில்லை. 1959 ஜூனில் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது, அவ்வளவுதான். வாரியத்திடம் பணமில்லை. செப்டம்பரில் கதவுகளில் சங்கிலி தொங்கியது.

கட்டடத்தை இடிக்கவில்லை, பிள்ளைகளை அடித்து விரட்டவில்லை. வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். படிக்கும்தோறும் எனக்கு வயிறு எரிவது இதைப் பார்த்துத்தான்.

வெள்ளைப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

அவர்களுக்காக பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளி அதே செப்டம்பரில் தயார். முதலில் தேவாலயக் கூடங்களிலும் ஊரின் மற்ற கட்டடங்களிலும் வகுப்பு நடந்தது. 1961-இல் சொந்தக் கட்டடம். மாநில உதவித்தொகையும் கவுண்டியின் வரிச் சலுகையும் கொஞ்ச காலம் அதற்குக் கை கொடுத்தன. கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலரும் படிப்பை இழந்தார்கள்.

எல்லா வெள்ளையரும் உடன்பட்டார்கள் என்று சொல்வது தவறு. லாங்வுட் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் கார்டன் மாஸ் வெளிப்படையாக எதிர்த்தார். ஊரில் பலர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

கறுப்பினப் பிள்ளைகள்?

சுமார் 1,700 பேர். வசதியும் உறவும் இருந்தவர்கள் பிள்ளைகளைப் பக்கத்துக் கவுண்டிக்கோ வட மாநிலத்துக்கோ அனுப்பினார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் அமைப்பு ஒன்று, முன்பின் தெரியாத குடும்பங்களில் சிலரைத் தங்கவைத்துப் படிக்கவைத்தது. வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரி பெரிய வகுப்பு மாணவர்கள் சிலரை ஏற்றுக்கொண்டது. ஊரில் இருந்தவர்களுக்குத் தேவாலய அடித்தளங்களில் எழுத்துக்கூட்டவும் கணக்குப் போடவும் தொண்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மிச்சப்பேர் புகையிலைக் காட்டுக்கு வேலைக்குப் போனார்கள்.

அண்ணனை அனுப்பினால் தங்கையை அனுப்பப் பணமிருக்காது. யாரை அனுப்புவது என்று ஒரு தாய் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

உங்களுக்கும் தனியார் பள்ளி வைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் தரப்பு முன்வந்தது. வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. அதை ஏற்றால் வழக்கே செத்துவிடும் என்று பெற்றோருக்குத் தெரியும். எவ்வளவு பெரிய விலை கொடுத்து அவர்கள் வேண்டாம் என்றார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிகள் எப்போது, எப்படித் திறந்தன?

1963-இல் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞரும் ஜனாதிபதி கென்னடியின் தம்பியுமான ராபர்ட் கென்னடி ஒரு கூட்டத்தில், இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்கள் என்று கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என அடுக்கி, கடைசியில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியைச் சேர்த்தார். அந்தச் செப்டம்பரில், கென்னடி அரசின் முயற்சியில் நன்கொடைப் பணத்தில் ‘இலவசப் பள்ளிகள்’ ஓர் ஆண்டுக்குத் திறந்தன. நீல் சல்லிவன் தலைமையில் பல மாநிலங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். ஏறக்குறைய 1,500 மாணவர்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய வெள்ளைப் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் பேராசிரியர் மாஸின் மகன்.

1964 மே 25 அன்று, பள்ளி மூடலை எதிர்த்த கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. தாமதத்துக்கான காலம் தீர்ந்துவிட்டது என்றது. தேவைப்பட்டால் மேற்பார்வையாளர்களை வரி விதிக்கச் சொல்லியே நீதிமன்றம் ஆணையிடலாம் என்றது. அந்தச் சந்து அடைபட்டது. பள்ளிகள் அந்தச் செப்டம்பரில் திறந்தன. ஆனாலும் குழு அந்த ஆண்டு பொதுப் பள்ளிகளுக்கு ஒதுக்கியதைவிடத் தனியார் பள்ளி உதவித்தொகைக்கு அதிகம் ஒதுக்கியது.

இழந்த ஆண்டுகளுக்கு ஈடு செய்தார்களா?

1959-இல் ஆறு வயதில் முதல் வகுப்புக்குக் காத்திருந்த பிள்ளைக்கு, வேறெங்கும் அனுப்பப்படவில்லை என்றால், 1963-இல் இலவசப் பள்ளி திறந்து முதல் பள்ளி நாள் வந்தபோது வயது பத்து. பன்னிரண்டில் நின்றவருக்குப் பதினாறு. பதினாறில் நின்றவர்கள் பலர் திரும்பவே இல்லை.

2003-இல் அவர்களுக்கு மதிப்புறு பள்ளிச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2004-இல் மாநிலம் 10 லட்சம் டாலரும் ஜான் குளூகி என்ற செல்வந்தர் 10 லட்சமும் தர, படிப்பை இழந்தவர்களுக்கான உதவித்தொகை நிதி உருவானது. தலை நரைத்தவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வகுப்புக்குப் போனார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாமலே செத்துப்போனவர்களுக்கு அது சென்று சேரவில்லை.

இப்போது பள்ளிகளும் கல்லூரிகளும் எப்படி?

பொதுப் பள்ளிகள் தொடக்கம், நடுநிலை, உயர்நிலை என மூன்று. எல்லா இனத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். அகாடமி 1980களில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில், இதே கவுண்டியில் பிறந்த தொழிலதிபர் ஜே. பி. ஃபுக்வாவின் பெருங்கொடைக்குப் பின் ஃபுக்வா பள்ளி என்று பெயர் மாறியது.

இவ்வளவு சிறிய இடத்தில் இரண்டு பழைய உயர்கல்வி நிலையங்கள் இருப்பது ஆச்சரியம். 1775-இல் தொடங்கிய ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரி இன்றும் ஆண்களுக்கு மட்டும். ஃபார்ம்வில்லின் லாங்வுட் பல்கலைக்கழகம் 1839-இல் பெண்கள் பள்ளியாகத் தொடங்கியது. பள்ளி மூடலின்போது உரக்கப் பேசாமல் இருந்ததற்காக 2014-இல் அது மன்னிப்புக் கேட்டது.

அங்கே போனால் எதைப் பார்ப்பது?

முதலில் பழைய மோட்டன் பள்ளி. இப்போது அருங்காட்சியகம். பார்பரா நின்ற அரங்கம் அப்படியே இருக்கிறது. 1998-இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. கடைவீதியில் நீதிமன்றத்தின் மணிக்கூண்டில் 2008 முதல் நல்லிணக்க விளக்கு எரிகிறது. ஊர் நூலகத்துக்கும் பார்பராவின் பெயர்தான். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியா சார்பாக நின்ற ராபர்ட் லீயின் சிலை 2020 டிசம்பரில் இறக்கப்பட்டது. அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை.

கிரீன் பே பக்கம் ட்வின் லேக்ஸ் பூங்காவில் இரண்டு ஏரிகள். ஒன்று வெள்ளையருக்கு, மற்றது கறுப்பினத்தவருக்கு என்று இருந்தது. 1976-இல் ஒரே பூங்காவாக்கினார்கள். இப்போது எந்த ஏரிக்கும் யாரும் போகலாம்.

பொழுது இருந்தால் ஹை பிரிட்ஜுக்குப் போங்கள். ரயில் நின்று, தண்டவாளம் எடுத்த பாதை சுமார் 50 கிலோமீட்டருக்கு நடைபாதையாகிவிட்டது. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பாலத்தின் நடுவில் நின்றால் கீழே அப்பமாட்டக்ஸ் ஆறு, பக்கத்தில் மரத்தோப்புக்குள் போர்க்காலத்துப் பழைய பாலத்தின் செங்கல் தூண்கள்.